கண்ணை மூடினால் ஆறு தெளியுமா?



சில வாரங்களுக்கு முன்னர், இயற்கைப் பாதுகாப்புப் பட்டறை ஒன்றுக்கு நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். யார் நடத்தினார்கள், எங்கு நடந்தது என்பதெல்லாம் இங்குத் தேவையில்லை. அழைத்தவர்கள் நல்லவர்கள், நோக்கமும் நல்லதே. மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. முதலில் அகம் மாறட்டும், புறம் தானே மாறிவிடும் என்னும் பொருளில் அதில் ஒரு வாசகம். தலைநகரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் பிள்ளைகளைக் கண்களை மூடச் சொன்னார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பிறகு மனத்திற்குள் ஓர் ஆற்றைக் காணச் சொன்னார். அந்த ஆறு பளிங்குபோல் தெளிந்து ஓடுவதைப் பார்க்கச் சொன்னார்.

என் மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ஐயா, எனக்கு ஆறு சிவப்பாகத்தான் வருகிறது."

அரங்கம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். "இன்னும் ஆழமாக மூச்சை இழுத்து விடு, தம்பி. தெளிந்துவிடும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் திரிங்காப்பில் பிறந்து வளர்ந்தவன். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் வந்திருப்பவர்களுக்குத் தெரியும். மழை பெய்து அரைமணி நேரமானால் எங்கள் பக்கத்து ஓடைகள் என்ன நிறத்தில் ஓடும் என்று. கடையில் ஆற்றித் தரும் பால் தேநீரின் நிறம். தெளிந்த ஆற்றை அவன் கண்டதில்லை. காணாததை எப்படிக் கற்பனை செய்வான்? அவன் சொன்னது உண்மை. அந்த உண்மையை மூச்சுப் பயிற்சியால் திருத்திக்கொள்ளுமாறு அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. அழைத்துப் போன ஆசிரியன் என்ற முறையில் அதில் எனக்கும் பங்குண்டு. நானும் அன்று வாய் திறக்கவில்லை. அதனால்தான் இங்கே திறக்கிறேன்.

இஃது ஒரு பேச்சாளரின் தனிப்பட்ட கருத்தன்று. உலகெங்கும் இன்று இயற்கைப் பாதுகாப்புப் பேசுவோரிடையே வேகமாகப் பரவிவரும் சிந்தனை. 2015-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை அறிவித்தது. அவை எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை என்று கண்ட சிலர், 2021-இல் சுவீடனை மையமாகக் கொண்டு 'உள்வளர்ச்சி இலக்குகள்' என்ற ஒன்றை வகுத்தார்கள். ஐந்து பிரிவுகள், 23 பண்புகளும் திறன்களும். மனிதனின் உள்ளம் பக்குவப்படாமல் வெளி இலக்குகள் எட்டப்படா என்பது அவர்கள் வாதம். எல்லாப் புள்ளிவிவரமும் கையில் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, ஆனாலும் மனிதன் மாறவில்லை; ஆகவே குறை உள்ளே இருக்கிறது என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. பேராசை என்பது உள்ளத்து நோய் என்பதை நம் முன்னோர் சுவீடனுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

என் சண்டை 'உள்ளம்' என்ற சொல்லோடு அன்று. 'முதலில்' என்ற சொல்லோடு.

அந்தப் பையனின் ஆறு ஏன் சிவந்தது? இதை அறிவியல் பாடமாகவே பார்ப்போம். மலைச்சரிவில் காடு நிற்கும்வரை மழைத்துளி இலையில் விழுந்து, சருகில் ஊறி, மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. காட்டை வெட்டிச் சரிவைச் சுரண்டி நெகிழிக் கூடாரங்களை எழுப்பினால், கூரையில் விழுந்த நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாய் ஓடையில் இறங்குகிறது; போகிற வழியில் வெற்றுச் சரிவின் மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது. நம் பக்கத்துத் தெலோம் ஆற்றின் நீர் சுரங்கவழியே பெர்த்தாம் பக்கம் திருப்பப்பட்டு, ரிங்லெட்டில் 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் தேக்கத்தைச் சேர்கிறது. நீரோடு மண்ணும் போய்ச் சேருகிறது. வண்டல் நிறைந்தால் தேக்கம் கொள்ளும் நீர் குறையும். 2013 அக்டோபரில் பெருமழை பெய்த இரவில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். உயிர்கள் போயின; வீடுகள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் சேறும் மரணமும்.

காய்கறி விவசாயியைத் திட்டிவிட்டுப் போவது எளிது. நம்மவர் சிலர் அதை இனப் பேச்சாகவும் ஆக்கிவிடுகிறார்கள், அது கேவலம். கேமரன் மலையில் பல விவசாயிகள் பல பத்தாண்டுகளாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தை வைத்துக்கொண்டே பயிரிட்டார்கள். அடுத்த ஆண்டு இந்த நிலம் நம் கையில் இருக்குமா என்று தெரியாதவன், இருபது ஆண்டு நிற்கும் கல்வரப்பைக் கட்டுவானா? ஓடைக்கரையில் மரம் நடுவானா? அவன் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தியானத்தில் அமர்ந்தாலும் உரிமத்தின் தேதி மாறாது. உரிமம், எல்லைக்கல், கண்காணிப்பு, இலஞ்சம், சந்தை விலை. ஆற்றைச் சிவப்பாக்கிய கைகள் இவை. இவற்றில் ஒன்றுகூட மூச்சு விடுவதில்லை. மூச்சைக் கவனிக்கச் சொல்ல வழியுமில்லை.

நம்மையும் விட்டுவிடக் கூடாது. இந்தச் சரிவுகளில் முதலில் காடு வெட்டியது காய்கறிக்காக அன்று, தேயிலைக்காக. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அந்த வேலையில் நம் பாட்டன்மாரின் கை இருக்கிறது. கூலிக்காகச் செய்தார்கள், வேறு வழியில்லாமல் செய்தார்கள் என்பது உண்மை. சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் பச்சைக் கம்பளமும் ஒருகாலத்தில் காடுதான்.

நிற்க. 'உன்னை மாற்றிக்கொள், அமைதியாய் இரு' என்ற அறிவுரை சுவீடன்காரருக்குப் புதிதாக இருக்கலாம். தோட்டத்துத் தமிழனுக்கு அது மிகப் பழையது! கங்காணி சொன்னார், தண்டல் சொன்னார், கிராணி சொன்னார். லயத்துக் கூரை ஒழுகினால் பொறுத்துக்கொள். கூலி குறைந்தால் விதி. பொறுமையில் நம் மக்களை விஞ்சியவர் இந்நாட்டில் யார்? ஒரு நூற்றாண்டுப் பொறுமையால் எந்த லயத்துக் கூரை மாறியது?

ஒரே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பீர்கள். செம்பனை, இறப்பர்த் தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; நம் அக்காமார், அத்தைமார். நகம் அழுகியது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது. அவர்கள் மூச்சைக் கவனித்துத்தான் இருந்தார்கள். ஒவ்வொரு மூச்சிலும் மருந்து வாடை! தெனாகானித்தா அமைப்பினர் தோட்டம் தோட்டமாய்ச் சென்று அப்பெண்களின் சொற்களைத் திரட்டி 2002-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். அவ்வாண்டே தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. மீண்டும் போராட்டம், மீண்டும் மனு. 2020 சனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பதினெட்டு ஆண்டு! அந்தப் பதினெட்டு ஆண்டில் எத்தனை பேருடைய அகம் மாறியிருக்கும், தெரியாது. மாறியது விதிமுறை. இன்று ஒரு சிறுமியின் தாய் அந்த நஞ்சைச் சுமக்கவில்லை என்றால், யாரோ ஒருத்தி வாய் திறந்து சொன்னதும், இன்னொருவர் அதை எழுதிக்கொண்டதும், வேறு சிலர் அந்தத் தாளை விடாமல் அலுவலகம் அலுவலகமாகக் கொண்டு போனதுமே காரணம்.

பட்டறைப் பேச்சாளர் வள்ளலாரையும் துணைக்கு அழைத்தார். வாடும் பயிரைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வரியைப் பாடியும் காட்டினார். நல்லது, வள்ளலாரிடமே போவோம். நம் மேடைகளில் அந்த வரி படாத பாடு படுகிறது. பாடிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்குவதற்கா அவர் எழுதினார்? ஆண்டுகளை மட்டும் பாருங்கள். 1865-இல் சன்மார்க்க சங்கம். 1867 மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை. பசித்தவர்க்குச் சோறு போடும் இடம். அன்று ஏற்றிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. சத்திய ஞானசபை, ஏழு திரை விலக்கிச் சோதி காணும் அந்த மண்டபம், எழுந்தது 1872 தைப்பூசத்தில். அடுப்புக்கும் சோதிக்கும் இடையே ஐந்து ஆண்டு. அகப்பக்குவத்தில் அவரைவிட உயர்ந்த சான்று நமக்குக் கிடைக்காது. அவரே 'முதலில் உள்ளே பாருங்கள், பசி தானே போய்விடும்' என்று சொல்லவில்லை. அரிசி மூட்டையைத் தேடினார், அடுப்பு மூட்டினார், பந்தி போட்டார். நம் பட்டறைகள் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு அவர் பெயரையும் சொல்கின்றன.

வள்ளலாரின் அருட்பெருஞ்சோதி வழிபாட்டைத் தம் வாழ்நாள் துணையாகக் கொண்ட ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926-இல் திண்டுக்கல் பக்கம் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஜெகந்நாதன் வசதியான குடும்பத்தை விட்டுக் காந்தியத்திற்கு வந்தவர். இருவரும் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் நடந்தவர்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்ட பின்னர், கிருஷ்ணம்மாள் அங்கே போனார். கீழைத் தஞ்சையையே தம் களமாக்கிக்கொண்டார். 1981-இல் இருவரும் தொடங்கிய லாஃப்டி இயக்கம் ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களின் பெயரில், பெரும்பாலும் பெண்கள் பெயரில், ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் நிலத்தைப் பதிவு செய்து கொடுத்தது.

பிறகுதான் இறால் பண்ணைகள் வந்தன. 1990-களில் நாகைக் கடலோரத்தில் நெல்வயல்களை வாங்கிக் குளம் வெட்டி, கடல்நீரை இறைத்து நிரப்பினார்கள். உப்பு நிலத்தடிக்கு இறங்கியது. கிணறு உவர்த்தது, பக்கத்து வயல் வெளுத்தது, குளத்துக் கழிவு வாய்க்காலில் கலந்தது. ஏழைக்குக் கிடைத்த ஓர் ஏக்கரும் உப்பாகிப் போகும் நிலை. இத்தம்பதியர் என்ன செய்தார்கள்? வழிபட்டார்கள். உண்ணாநோன்பு இருந்தார்கள். கிராமம் கிராமமாக நடந்தார்கள். பண்ணை வாசலில் அமர்ந்தார்கள். 1994-இல் தம் 80-ஆம் வயதில் ஜெகந்நாதன் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, மரபுவழி அல்லாத இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், கெடுத்தவர் இழப்பீடு தர வேண்டும்.

கதை அதோடு முடியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2005-இல் இந்திய நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரி வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அந்தத் தீர்ப்பின் பிடியைத் தளர்த்திவிட்டது. கைக்கு வந்தது நழுவியது. ஜெகந்நாதன் 2013-இல், 98 வயதில், மறைந்தார். வென்றதைப் பறிகொடுத்த பின்னும் அவர்கள் களத்தை விட்டு ஓடவில்லை. வழிபாடு எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், இதற்குத்தான் என்பேன். பத்தாண்டு உழைப்பை ஒரே சட்டத்தால் துடைத்தெறிந்தாலும் கசந்துபோகாமல் மறுநாள் காலையில் எழுந்து நடப்பதற்கு. களத்துக்குப் போகாமலிருக்க ஒரு சாக்காக அவர்கள் விளக்கேற்றவில்லை.

இலங்கையிலும் இதே பாடம்; அதுவும் ஓர் ஆசிரியரிடமிருந்து. கொழும்பு நாலந்தா கல்லூரியில் கற்பித்த ஆரியரத்ன 1958-இல் தம் மாணவர்களை ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்று, ஊராரோடு உண்டு, உறங்கி, உழைக்க வைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அப்படிப் பிறந்தது. அவர்களின் கூட்டங்களில் அன்புத் தியானம் உண்டு. ஆனால் மண்வெட்டி வாசலிலேயே சாத்தப்பட்டிருக்கும். மேலைநாட்டுச் சூழலியலாளர்களுக்கு உள்மாற்றத்தைப் போதித்துப் புகழ்பெற்ற ஜோவானா மேசி அம்மையார் இந்த இயக்கத்தோடு ஓராண்டு தங்கிக் கற்றவர். 1983-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். கடல் தாண்டிப் போனபோது தியானம் கப்பலேறிவிட்டது, மண்வெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிட்டது போலும். (அம்மையாரை நான் குறை சொல்லவில்லை. அவர் அணு உலை எதிர்ப்பில் நின்றவர். குறை அவருக்குப் பின் பட்டறை நடத்துவோரிடம்.) மண்வெட்டியில்லாத் தியானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் இலங்கையே சான்று. 2002-இல் அனுராதபுரத்தில் இலட்சக்கணக்கானோர் வெள்ளுடையில் அமர்ந்து அமைதிக்காகத் தியானித்தார்கள். 2009-இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

ஆசிரிய நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்கள் கோபக்காரர். கோபத்தோடு செய்யும் வேலை நிலைக்காது" என்றார். அவர் சொன்னது என்னைச் சுட்டது. உண்மை என்பதால்தான் சுட்டது. முன்னர் பணியாற்றிய ஒரு பள்ளியில் மறுசுழற்சிக் கழகம் தொடங்கினேன். இரண்டாம் ஆண்டில் யாரும் உதவவில்லை என்று எல்லாரிடமும் முகத்தைக் காட்டினேன். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். மூன்றாம் ஆண்டில் கழகம் இல்லை. சேர்த்து வைத்த போத்தல்களைக் குப்பை வண்டியில் நானே ஏற்றினேன். அன்று எனக்குப் பத்து நிமிட அமைதி தெரிந்திருந்தால் ஒருவேளை கழகம் பிழைத்திருக்கும். ஆகவே தியானம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கவனியுங்கள்: என் உள்ளத்தின் ஓட்டை எனக்குத் தெரிந்தது, போத்தல்களைத் தூக்கிய பிறகுதான். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் மிகப் பொறுமைசாலி என்றே நம்பிச் செத்திருப்பேன்.

இன்னொரு செய்தி, பெற்றோர்களிடம் இதைத்தான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். 'உன்னை மாற்றிக்கொள்' என்று யாரிடம் சொல்கிறோம்? வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வந்து, மலையைக் குடைந்து கட்டிய விடுதியில் தங்கி, பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் யோகாசனம் செய்துவிட்டுப் போகிறவரிடம் சொன்னால் அதில் ஒரு நியாயம் உண்டு. அவர் மாற்றிக்கொள்ள ஏதோ இருக்கிறது. கூடாரத்தில் மருந்தடிப்பவரின் மகனிடம் சொன்னால்? அவன் எதை மாற்றிக்கொள்வான்? ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஆற்றின் பாவத்தைச் சுமத்தி, நீ உள்ளே தெளிந்தால் ஆறு தெளியும் என்றால், தெளியாத ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தன்னையல்லவா நொந்துகொள்வான்? நன்னெறிக் கல்வி என்ற பெயரில் இதை நாம் செய்யக் கூடாது.

அந்தப் பையனிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "நீ கண்டதுதான் ஆறு" என்றேன். அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கும், ஐயா" என்றான். அது எனக்குப் புதுச் செய்தி. ஏன் என்று கேட்டேன். மண்வாரி இயந்திரம் அன்று ஓடாதாம். எந்தப் பட்டறையிலும் எனக்குக் கிடைக்காத தகவல்!

அதைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம். உயரமான கண்ணாடிக் குவளை ஒன்றின் அடியில் கறுப்புப் புள்ளி ஒட்டி, பக்கவாட்டில் அளவுகோல் வரைந்திருக்கிறோம். ஓடை நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்த உயரத்தில் மறைகிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தெளிந்த நீரென்றால் உயரம் கூடும்; கலங்கலென்றால் விரல் அளவிலேயே மறைந்துவிடும். திங்கள், வியாழன், ஞாயிறு என வாரம் மூன்று முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் மழை பெய்த நாளையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும், தேதியோடும் படத்தோடும் மலாயில் ஒரு கடிதம் எழுதி மாவட்ட அலுவலகத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் அனுப்புவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் அனுப்பினால் நன்று. சங்கம் தயங்கினால் என் பெயரில் போகும்.

நீரெடுக்கப் பிள்ளைகளை ஓடைக்குள் இறக்க மாட்டோம். பாலத்திலிருந்து கயிற்றில் வாளி இறக்கி எடுப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் உடன் வரப் பெற்றோர் இருவர் தேவை. காலை 8 மணி. மழைக்காலணி கொண்டு வாருங்கள். அளவெடுத்து முடித்தபின், விரும்புகிறவர்கள் பாலத்தோரம் பத்து நிமிடம் பேசாமல் அமரலாம்; நானும் அமர்வேன், கண்ணைத் திறந்தபடி.